பண்பாட்டின் தொழிற்பாடும் பெரட்டுக் களமும்: இலங்கையின் இரு மனநோய் ஆய்வுகள் பற்றிய விமர்சனக் குறிப்புகள்

பேராதனையிலிருந்து கலஹா வழியாகத் தெல்தோட்டைக்குச் செல்லும் பஸ் வண்டி ஒரு மணி நேரத்துக்கு மேலாக மலையேறுகிறது. அவ்வழியின் இரு மருங்கும் தேயிலைத் தோட்டங்களும் லயங்களும் உள்ளன. ஜேம்ஸ் டெயிலர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டு இந்நாட்டின் தேயிலைத் தொழிலுக்கு அடிகோலிய லூல்கந்துரத் தோட்டமும் இப்பகுதியைச் சார்ந்ததே. காய்ச்சலுக்கு மருந்தாகிய குவினைனைத் தரும் சிங்கோனா மரத்தையும் அவர் அங்கு வளர்த்தார். உலகச் சந்தைக்கு மருந்து விளைந்த அம்மண்ணில் வாழும் மக்களுக்கு மருந்து எவ்வாறு போய்ச் சேர்கிறது என்ற வினா, நமது ஆய்வுலகில் அதிகம் எழுப்பப்பட்டதில்லை. மனநோய் மருந்தைப் பொறுத்தவரை அவ்வினா எழுப்பப்படவேயில்லை என்று கூறினும் அது மிகையன்று.

இவ்வாறு கூறுவதற்குக் காரணம் உண்டு. மனநோயும் பண்பாடும் பற்றி உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வுகளுள் இரண்டு இலங்கையைக் களமாகக் கொண்டவை. ஒன்று, அமெரிக்கச் சமூகவியலாளரான நான்சி வக்ஸ்லர் 1979இல் வெளியிட்ட ஆய்வு. மற்றையது, பேராதனையில் சமூகவியல் கற்பித்துப் பின்னர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றவரும் 2025இல் மறைந்தவருமான கணநாத் ஒபேசேகர, மனச்சோர்வும் பௌத்தமும் பற்றி 1985இல் எழுதிய கட்டுரை. இவ்விரண்டும் மேலைத்தேய உளமருத்துவத்தின் தன்னம்பிக்கையை அசைத்தவை. அவ்வகையில் நமக்குப் பெருமை தருபவை. ஆயினும் பெருமை கொள்வதோடு நின்றுவிடின் நாம் இவற்றை வாசித்தவர்களாக மாட்டோம். ஓர் ஆய்வு எதனைக் கண்டது என்பதுடன் எவ்விடத்தில் நின்று கண்டது என்பதனையும் கேட்டாக வேண்டும். அவ்வினாவைத் தெல்தோட்டையின் லயங்களில் நின்று எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒபேசேகரவின் வாதத்தை முதலில் நோக்குவோம். இலண்டனின் கேம்பர்வெல் பகுதியிற் பெண்களிடையே காணப்பட்ட மனச்சோர்வு பற்றி ஜோர்ஜ் பிரவுன், டிறில் ஹரிஸ் ஆகிய இருவர் 1978இல் எழுதிய நூலிலிருந்து அவர் தொடங்குகிறார். ஒரு குறிப்பிட்ட இழப்பிலிருந்து எழும் நம்பிக்கையின்மை, வாழ்வு முழுவதையும் பற்றிய நம்பிக்கையின்மையாக விரிவதே மனச்சோர்வின் கரு என அவர்கள் விளக்கியிருந்தனர். இவ்விளக்கத்தைப் படித்த ஒபேசேகர, வாழ்வு முழுதும் துக்கமே என்று உணர்ந்த ஒருவர் தமது நாட்டிலே நோயாளியல்லர், அவர் நல்லதொரு பௌத்தர் என்று மறுமொழி கூறினார். போயா தினத்திற் சில் எடுத்து, உடலின் அசுத்தத்தையும் நிலையாமையையும் தியானிக்கும் முதியவரிடம் மேலைநாட்டு மருத்துவரின் வினாக்கொத்தை நீட்டினால், அவர் தரும் விடைகள் நோய்க்குறிகளாகவே பதிவாகும். ஆனால் அவரது துயரம் தனித்து அலையும் துயரம் அன்று. ஒரு தத்துவத்திலும் சடங்கிலும் வேரூன்றிப் பொருள்பெற்ற துயரம். துயரைப் பொருளாக மாற்றும் இச்செயலையே அவர் பண்பாட்டின் தொழிற்பாடு என்றழைத்தார். 1990இல் அவர் வெளியிட்ட நூலொன்றின் தலைப்பும் அதுவே ஆயிற்று.

அவரது மற்றொரு வாதம் நகைச்சுவையும் கூர்மையும் உடையது. தாதுநட்டம் என்பது நம்மவரிடையே பரவலாக அஞ்சப்படும் ஒரு நோய். தென்னாசிய உளமருத்துவர் ஒருவர் இந்நோயின் குறிகளைப் பட்டியலிட்டு அமெரிக்காவுக்குச் சென்று தேடினால், அங்கும் களைப்பும் மெலிவும் கவலையும் உடைய பலரைக் கண்டு, அமெரிக்கரிடையே தாதுநட்டம் மலிந்துள்ளது என்று அறிக்கை எழுதலாம். இது எவ்வளவு நகைப்புக்கிடமானதோ, அவ்வளவு நகைப்புக்கிடமானதே மேலைநாட்டுப் பட்டியலைக் கொண்டு நம்மவரின் மனச்சோர்வை அளப்பதும் என்பது அவர் வாதம்.

இவ்வாதத்தின் வலிமையை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒபேசேகர தமக்கு மூலமாகக் கொண்ட நூலிலிருந்து எதனை எடுத்தார், எதனை விட்டார் என்பது கவனத்திற்குரியது. பிரவுன், ஹரிஸ் நூல் மனச்சோர்வின் வரைவிலக்கணம் பற்றிய நூலன்று. அதன் தலைப்பே மனச்சோர்வின் சமூகத் தோற்றுவாய்களைக் கூறுவது. கேம்பர்வெல்லின் தொழிலாளர் வர்க்கப் பெண்கள், குறிப்பாகப் பிள்ளைகள் உள்ள பெண்கள், நடுத்தர வர்க்கப் பெண்களிலும் பார்க்க அதிகமாக இந்நோய்க்கு ஆட்பட்டனர் என்பதே அந்நூலின் மையக் கண்டுபிடிப்பு. பதினான்கு வயதுக்குட்பட்ட மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் வீட்டில் இருத்தல், பதினொரு வயதுக்கு முன் தாயை இழந்திருத்தல், மனம்விட்டுப் பேசத் துணையின்மை, வீட்டுக்கு வெளியே தொழிலின்மை ஆகிய நான்கும் நோய்க்கு இடம்கொடுப்பன என அவர்கள் காட்டினர். அதாவது, அந்நூல் வர்க்கத்தைப் பற்றிப் பேசியது. ஒபேசேகரவோ அதிலிருந்து நம்பிக்கையின்மை என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு பண்பாட்டைப் பற்றிப் பேசினார். கேம்பர்வெல்லின் தொழிலாளிப் பெண்ணுக்கு எதிரே அவர் நிறுத்தியது இலங்கையின் தொழிலாளிப் பெண்ணையன்று. தியானத்துக்கு ஓய்வும் அதற்குரிய மரபும் வாய்க்கப்பெற்ற ஒரு பௌத்த இல்லறத்தாரையே. இரு வேறு வர்க்க நிலைகளை ஒப்பிட்டுவிட்டு வேறுபாட்டைப் பண்பாட்டின் கணக்கில் எழுதுவது முறையியல் வழு என்றே கூறவேண்டும்.

இவ்விடத்துத் தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் கொழுந்து பறிக்கும் பெண்ணை வைத்துப் பார்ப்போம். கேம்பர்வெல் ஆய்வின்படி வெளித்தொழில் ஒரு பாதுகாப்பு. இப்பெண்ணுக்கு வெளித்தொழில் உண்டு. ஆனால் அதிகாலையில் எழுந்து சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பிராவில் விட்டு, மலையிற் கூடை சுமந்து, மாலையில் மீண்டும் அடுப்படிக்கு வரும் ஒருத்திக்கு அத்தொழில் பாதுகாப்பா, சுமையா? ஒரே காம்பிராவில் மாமியார், கணவன், பிள்ளைகள் அனைவரும் படுத்துறங்கும் லயத்தில் மனம்விட்டுப் பேசும் தனிமைக்கு இடம் எது? இவை பௌத்தத்தாலோ சைவத்தாலோ விடைகாண முடியாத வினாக்கள். இலண்டன் ஆய்வாளர் இருவரையும் தெல்தோட்டைக்கு அழைத்து வந்திருந்தால், ஒபேசேகரவிலும் பார்க்க அவர்களே சில வினாக்களைச் சரியாகக் கேட்டிருப்பர் என்று எண்ணத் தோன்றுகிறது.

இதனாலே தோட்டத்தில் பண்பாட்டின் தொழிற்பாடு இல்லை என்பது பொருளன்று. மிக வளமாகவே உண்டு. உடுக்கடித்துக் குறிசொல்லும் கோடங்கி உண்டு. காமன் கூத்து உண்டு. சாவு வீட்டில் மட்டுமன்றிக் கொழுந்து மலையிலும் முணுமுணுக்கப்படும் ஒப்பாரி உண்டு. காவல் தெய்வங்கள் பல. அவற்றுள் ரோதைமுனியும் கவ்வாத்துச்சாமியும் சிறப்பாக நோக்கற்பாலன. தொழிற்சாலையின் சக்கரத்தை உறைவிடமாகக் கொண்டது ஒன்று. தேயிலைச் செடியை வெட்டிச் சீர்செய்யும் கவ்வாத்துத் தொழிலுக்குக் காவலாக நிற்பது மற்றையது. தமிழகத்திலிருந்து கொணர்ந்த முனியை இயந்திரத்திற் குடியேற்றிய மக்களின் கற்பனை, உற்பத்திமுறையை எவ்வளவு நுட்பமாக உள்வாங்கியிருக்கிறது! ஒபேசேகரவின் பௌத்தர் உலகிலிருந்து விலகுவதற்குத் தியானிக்கிறார். தோட்டத் தொழிலாளியோ தொழிலின் ஆபத்துக்குள்ளேயே ஒரு தெய்வத்தை அமர்த்துகிறான். அவனது பண்பாட்டின் தொழிற்பாடு அவனது தொழிலிலிருந்து பிரிக்க முடியாதது. ஆகவே இங்கு மனநோயைப் பற்றிப் பேசுவோர் தொழிலைப் பற்றிப் பேசாதிருத்தல் இயலாது.

வக்ஸ்லரின் ஆய்வு வேறொரு வகையினது. சிசோபிரீனியா எனப்படும் மனச்சிதைவு நோயால் பாதிக்கப்பட்டு முதன்முறையாக வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டோரை ஐந்தாண்டுகளின் பின்னர் தேடிச் சென்று அவர் நோக்கினார். கைத்தொழில் வளர்ச்சியடைந்த நாடுகளின் நோயாளரிலும் பார்க்க இலங்கை நோயாளரின் நிலை மேம்பட்டிருந்ததென அவர் கண்டார். உலக சுகாதார நிறுவனம் ஒன்பது நாடுகளில் நடத்திய ஆய்வும் ஏறத்தாழ இதே காலத்தில் இதனையொத்த முடிவுக்கே வந்திருந்தது. இந்தியாவின் ஆக்ராவில் நோயாளர் நிலை டென்மார்க்கின் நோயாளரிலும் பார்க்க நன்றாயிருந்தது. வக்ஸ்லரின் விளக்கம் சமூக முத்திரை பற்றியது. பேய், கிரகதோஷம், சூனியம் என நோய்க்குக் காரணம் வெளியே தேடப்படும்போது நோயாளியின் தன்னிலை குற்றஞ்சாட்டப்படுவதில்லை. நோய் வந்தது போலவே போய்விடும் எனக் குடும்பம் எதிர்பார்க்கிறது. எதிர்பார்த்தபடியே அது போய்விடுகிறது. நீண்டகால நோயாளி என்னும் பாத்திரத்தை அவருக்கு எவரும் வழங்குவதில்லை.

இவ்விளக்கம் பெரிதும் சிங்களக் கிராமத்தின் நம்பிக்கைகளையும் குடும்ப அமைப்பையும் சார்ந்தே நிற்கிறது. குணமடைதல் என்பதன் முக்கியமான அளவுகோல் பழையபடி தொழிலும் சமூக வாழ்வும் ஆகும். வயலோ வீட்டுத் தோட்டமோ உள்ள குடும்பத்தில், நோயிலிருந்து மீள்பவர் தம்மால் இயன்ற அளவு இயன்ற வேகத்தில் வேலை செய்யலாம். ஒருநாள் களையெடுப்பார், மறுநாள் திண்ணையில் இருப்பார். அண்ணனோ தம்பியோ குறையை நிரப்புவர். குடும்பத்தின் உற்பத்தி அவரது தளர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். தோட்டத்தில் அவ்வாறு தாங்கிக்கொள்வதற்கு எதுவும் இல்லை. காலையிற் பெரட்டுக் களத்தில் நின்றால்தான் பேர். குறித்த கிலோ கொழுந்து பறித்தால்தான் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். லயத்துக் காம்பிராவும் நெடுங்காலம் வேலையோடு பிணைக்கப்பட்டே வந்துள்ளது. ஒரே மாவட்டத்தில், ஒரே நோயோடு, ஒரே அளவு அன்புடைய குடும்பத்தில் உள்ள இருவருள் ஒருவர் ‘தொழிலுக்குத் திரும்பினார்’ எனவும் மற்றவர் திரும்பவில்லை எனவும் பதிவாகலாம். வேறுபாடு நோயிலும் இல்லை, நம்பிக்கையிலும் இல்லை, செக்றோலில் உள்ளது.

வளர்முக நாடுகளில் மனச்சிதைவு நோய் இலகுவாகக் குணமாகும் என்ற கருத்து பின்னர் கேள்விக்குள்ளானது. அலெக்ஸ் கோஹென், விக்ரம் பட்டேல் முதலியோர் 2008இல் பல நாட்டு ஆய்வுகளை மீளாய்ந்து, இதனை மாறா உண்மையாகக் கொள்ளல் ஆகாது என்றனர். சென்னையில் சாரதா மேனன் 1984இல் நிறுவிய ஸ்கார்ஃப் நிறுவனத்துடன் தொடர்புடைய ஆய்வாளர், நோயின் தொடக்கத்திலே கண்டறிந்த 90 பேரை இருபத்தைந்து ஆண்டுகள் வரை பின்தொடர்ந்தனர். முற்றாகக் குணமடைந்தோர் சிலர். பெரும்பாலோர் குணமும் மறுதாக்கமும் மாறி மாறி வரும் வழியிலே சென்றனர். ‘வந்தது போலவே போய்விடும்’ என்ற எதிர்பார்ப்பு ஆறுதலானது. ஆனால் மறுதாக்கம் வரும்போது மருந்தை நிறுத்திவிட்டிருக்கும் குடும்பத்துக்கு அது தீங்காகவும் முடியலாம்.

மருந்தைப் பற்றி முற்போக்காளரிடையே நிலவும் ஓர் எண்ணத்தையும் இங்கு பரிசீலிக்க வேண்டும். மனநோய் மருந்து மேலைத்தேய முதலாளியத்தின் சரக்கு. நமது மரபுக்கு அது அந்நியம் என்ற எண்ணமே அது. வரலாறு இதனை ஆதரிக்கவில்லை. சர்ப்பகந்தி வேர் நம் வைத்திய மரபில் நெடுங்காலமாகச் சித்தப்பிரமைக்கு வழங்கப்பட்டது. 1931இல் வங்காளத்தைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர் அதன் பயனை ஆங்கில மருத்துவ இதழில் எழுதினர். அவ்வேரிலிருந்து பிரிக்கப்பட்ட ரிசர்ப்பினை 1954இல் நியூயோர்க்கில் நேதன் கிளைன் மனநோயாளரிடம் சோதித்தார். பாரிசில் 1952இல் குளோர்ப்புறொமசின் பயன்பாட்டுக்கு வந்ததோடு சேர்ந்து, இவ்விரு மருந்துகளே பூட்டிய விடுதிகளின் கதவைத் திறந்தன. குடும்பத்தினர் நோயாளியுடன் தங்கியிருந்து பராமரிக்கும் முறையும் நமது பிராந்தியத்திலேதான் முன்கூட்டிச் செழித்தது. அமிர்தசரஸில் வித்யாசாகர் 1950களில் வைத்தியசாலை வளவிற் கூடாரமடித்துக் குடும்பங்களைத் தங்கவைத்தார். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையம் 1957 முதல் அதனை ஒழுங்கான முறையாக்கியது. மருந்து அவர்களுடையது, அன்பு நம்முடையது என்று பங்கு பிரிப்பது இரு பக்கத்துக்கும் பொய்.

நமது இளைஞர் சிலருக்கு ஃபூக்கோவும் லெயிங்கும் சாஸும் தந்த வாசகங்கள் உதட்டிலே உள்ளன: சமூகமே பைத்தியம், நோயாளியே தெளிவானவன். இத்தாலியில் 1978ஆம் ஆண்டின் 180ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் மனநோய்க் காப்பகங்களை மூடுவதற்கு வழிசெய்த பசாலியா, விடுதியைத்தான் மூடினார். மருந்தையும் கவனிப்பையும் மூடவில்லை. பிரான்ஸ் ஃபனான் பற்றியும் இதனையே சொல்லலாம். அவர் அல்ஜீரியாவின் பிளிடா வைத்தியசாலையில் மருந்தும் மின்னதிர்ச்சியும் வழங்கிய வைத்தியரே. ஐரோப்பியப் பெண்கள் விடுதியில் வெற்றி பெற்ற சமூகச் சிகிச்சை, முஸ்லிம் ஆண்கள் விடுதியில் தோல்வியுற்றபோது, தாமும் அசுலேயும் 1954இல் எழுதிய கட்டுரையில் அத்தோல்வியைத் தம் தவறு என ஒப்புக்கொண்டார். பின்னர் விடுதிக்குள் அம்மக்களுக்குப் பழக்கமான தேநீர், கோப்பிக் கடையை அமைத்தார். மருந்து ஒருபுறம் இருக்க, மருந்துக்கு வெளியே உள்ள வாழ்வை அம்மக்களின் வாழ்விலிருந்தே கட்ட வேண்டும் என்பது அவர் கற்ற பாடம். அங்கொடை என்னும் ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக்கிய நாட்டில் மனநோய் விடுதியை எதிர்ப்பது எளிது. விடுதி இல்லாத இடத்தில் என்ன இருக்கும் என்பதற்கு ஏர்வாடியே சான்று. 2001 ஓகஸ்ட் 6ஆம் திகதி அதிகாலையில், தர்காவை நம்பி வந்தோர் தங்கவைக்கப்பட்ட ஓலைக்கொட்டகையில் தீப்பற்றியபோது, சங்கிலியாற் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தனர்.

இதற்கு நேர்மாறான ஒரு சான்றும் தமிழகத்திலிருந்தே கிடைக்கிறது. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய மனநோயாளர் 31 பேரை ரகுராம் முதலிய உளமருத்துவர்கள் ஆராய்ந்து 2002இல் முடிவுகளை வெளியிட்டனர். சராசரி ஆறு வாரத் தங்கலின் பின் அவர்களது நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்திருந்தன. சில மருந்துகளின் பயனுக்கு ஈடானது இது. அங்கு பேயோட்டும் சடங்கு எதுவும் நிகழவில்லை. காலை வழிபாடு, சிறு கோயிற் பணிகள், உடன் தங்கிய உறவினர், அச்சுறுத்தாத சூழல் ஆகியவையே இருந்தன. இதனைத் தெய்வத்தின் வெற்றி என்பாரும் பண்பாட்டின் வெற்றி என்பாரும் உளர். எமக்கோ அதில் வேறொன்று முனைப்பாகத் தெரிகிறது. ஆறு வாரம்! நோயாளியும் துணைக்கு ஓர் உறவினரும் ஆறு வாரம் தொழிலின்றி இருக்க முடிந்தது. தெல்தோட்டையிலே எந்தத் தொழிலாளிக் குடும்பம் இருபேரின் ஆறு வாரப் பேரை இழக்கும்? பண்பாடு குணப்படுத்துகிறது என்றால், அதற்குத் தேவையான ஓய்வுநேரத்தை யார் கொடுப்பது என்ற வினாவும் உடன் எழுகிறது.

மருந்து உதவி என்று சொல்லப்படுவதன் நடைமுறைச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் மருந்து இலவசம். இது உண்மையிலேயே பெரும் சாதனை, 2022இன் மருந்துத் தட்டுப்பாட்டைக் கண்டவர்கள் அதனை நன்குணர்வர். ஆனால் இலவச மருந்துக்கும் விலையுண்டு. தெல்தோட்டையிலும் கலஹாவிலும் அரச வைத்தியசாலைகள் இருப்பினும், மனநோய் விடுதியுள்ள பெரிய வைத்தியசாலைக்குப் பேராதனையோ கண்டியோதான் செல்ல வேண்டும். கிளினிக் நாள் என்றால் ஒரு பேர் இழப்பு. துணைக்கு ஒருவர் சென்றால் இரு பேர். 2016ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய். வரவுக்கொடுப்பனவு 60 ரூபாய். உற்பத்திக் கொடுப்பனவு 140 ரூபாய். விலைப்பங்கு 30 ரூபாய். மாதத்தில் வழங்கப்பட்ட வேலைநாட்களில் முக்காற்பங்குக்குச் சமுகமளித்தால்தான் வரவுக்கொடுப்பனவு கிடைக்கும். நோயால் ஏற்கெனவே சில நாட்களை இழந்தவருக்குக் கிளினிக் நாளொன்று மாதம் முழுவதற்குமான கொடுப்பனவையே பறித்துவிடக்கூடும். வரவுக்கொடுப்பனவு 2019இல் நீக்கப்பட்டது. ஆயினும் வராத நாளைத் தண்டிக்கும் தர்க்கம் நாட்சம்பளத்தின் உள்ளேயே இருப்பது.

மருந்து உடலில் என்ன செய்கிறது என்பதும் தொழிலோடு பிணைந்தது. குளோர்ப்புறொமசின் உட்கொள்பவரின் தோல் வெயிலிற் கருகும் இயல்புடையது. நாள் முழுதும் வெயிலில் நிற்பவர் யார்? இவ்வகை மருந்துகளாற் கை நடுங்கும், உடல் விறைக்கும்; இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளும் விரலுக்கு நடுக்கம் என்பது கிலோக் குறைவு. எழுந்து நிற்கையில் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றும். செங்குத்தான மலையில் அது விழுக்காடு. இரவு மாத்திரையின் தூக்கம் காலைவரை நீளும், பெரட்டு காத்திராது. இருமுனைக் கோளாறுக்கு வழங்கும் லித்தியத்துக்குத் தண்ணீரும் உப்பும் சீராக இருத்தல் வேண்டும். வியர்த்துக் களைத்து நீர் குடிக்காதவரின் குருதியில் அது நஞ்சாகத் தேங்கும். ஆகவே இடையிடையே குருதிப் பரிசோதனை அவசியம். க்ளோசபின் எனில் முதற் பதினெட்டு வாரங்களும் வாரந்தோறும். ‘நோயாளி மருந்தை ஒழுங்காக உட்கொள்வதில்லை’ என்று கிளினிக் கொப்பியில் எழுதப்படும் ஒரு வரியின் பின்னே இவ்வளவும் இருக்கின்றன. இதனை அறியாமை என்றோ மூடநம்பிக்கை என்றோ எழுதுவது எளிது. தொழிலாளி தன் கணக்கைச் செய்து பார்த்துத்தான் மாத்திரையை நிறுத்துகிறான். அக்கணக்கிற் பிழை இருக்கலாம்; கணக்கே இல்லை என்று கூறமுடியாது. மாதத்துக்கொருமுறை போடப்படும் புளூபெனசின் ஊசி இச்சிக்கலிற் பாதியைத் தீர்க்கக்கூடியது. ஆனால் ஊசி தோட்டத்துக்கு வரவேண்டும். தோட்டம் ஊசியிடம் போவதாக இருத்தல் ஆகாது. மருந்தின் அளவையும் நேரத்தையும் தொழிலின் நேரத்தோடு பொருத்திப் பார்க்கும் வைத்தியரும் வேண்டும். பக்கவிளைவு பற்றி அவர் கேட்கும் முதல் வினா ‘என்ன வேலை செய்கிறீர்கள்?’ என்பதாக இருக்கட்டும்.

பேச்சுச் சிகிச்சைக்கும் இது பொருந்தும். இலங்கைத் தமிழில் இதற்கு உளவளத்துணை என்னும் நல்ல சொல் வழக்கில் உள்ளது. ஆனால் அச்சொல் இன்னும் பட்டறைகளின் சொல்லே. லயத்தின் சொல் அன்று. லயத்தில் மனச்சோர்வு என்று எவரும் கூறார். ‘யோசனை கூடிப்போச்சு’ என்பர். பெருமூச்சு, நெஞ்சுப் படபடப்பு, தலைப்பாரம் என்பர். யாழ்ப்பாணத்தில் தயா சோமசுந்தரம் போரின் உளவிளைவுகளைத் தமிழிலே ‘மனவடு’ என்னும் நூலாக எழுதியபோது, துயரத்துக்கு அம்மக்களின் மொழியிலேயே ஒரு மருத்துவச் சொற்களஞ்சியம் உருவாகத் தொடங்கியது. மலையகத்துக்கு அவ்வாறான முயற்சி வேண்டியுள்ளது. அரசியல் யாப்பின் 13ஆவது திருத்தம் 1987இல் தமிழையும் அரசகரும மொழியாக்கிய பின்னரும், மொழிபெயர்ப்பாளருக்காகக் காத்திருக்கும் கிளினிக்குகளை நாம் கண்டுள்ளோம். பத்து நிமிடத்துக்குள் மூன்றாம் மனிதர் ஒருவர் வழியாக ‘யோசனை’யை விளக்குவது எவருக்கும் இயலாத காரியம்.

நிபுணர் இல்லையே என்பது வழமையான மறுமொழி. பாகிஸ்தானின் கிராமப்புறத்தில் அத்திஃப் ரஹ்மான் முதலியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடையாகும். சாதாரண பெண் சுகாதாரப் பணியாளருக்குப் பயிற்சியளித்து, வீடுசென்று தாய்மாரோடு எண்ணங்களைப் பற்றி முறையாகப் பேசச் செய்தனர். குழந்தை பிறந்து ஆறு மாதத்தின் பின், இவ்வுதவி பெற்றோரில் 23 வீதத்தினரிடமே மனச்சோர்வு எஞ்சியிருந்தது. பெறாதோரில் 53 வீதம். மாத்திரை எதுவும் இதில் இல்லை. தோட்டங்களில் மருத்துவமாதும் பிள்ளைக்காம்பிராப் பொறுப்பாளரும் ஏற்கெனவே உள்ளனர். அவர்கள் தாய்மாரை நாள்தோறும் காண்பவர்கள், தாய்மாரின் மொழியைப் பேசுபவர்கள். அவர்கள்மீது மேலும் ஒரு வேலையை ஊதியமின்றிச் சுமத்தாதிருப்பின், இதுவே தெல்தோட்டைக்கு மிக அண்மையான வழி.

வக்ஸ்லரும் ஒபேசேகரவும் தொடாத ஒரு செய்தியும் உண்டு. 1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தனர். அடுத்த பத்தாண்டில் அவ்வீதம் ஏறத்தாழ அரைவாசியானது. கிராமமும் தோட்டமும் இவ்விடைக்காலத்தில் மகிழ்ச்சியடைந்துவிடவில்லை, போரும் நின்றுவிடவில்லை. 1995இலும் 1998இலும் கொடிய பூச்சிகொல்லிகள் சில தடைசெய்யப்பட்டமையே இவ்வீழ்ச்சிக்கு முதன்மைக் காரணமென ஆய்வாளர் கொள்வர். தேயிலை மலைகளில் புல்லுக்கு அடிக்கப்பட்ட பரகுவாட் 2008 தொடங்கிப் படிப்படியாக நிறுத்தப்பட்டது. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டமும் 1998இல் நீங்கியது. கோடங்கியும் வைத்தியரும் உளவளத்துணையாளரும் சேர்ந்து காத்த உயிர்களிலும் பார்க்க, கடையிலிருந்து எடுத்து அகற்றப்பட்ட போத்தல்கள் காத்த உயிர்கள் அதிகமாயிருத்தல் கூடும்.

இவ்விடத்து மலையகத் தமிழில் மருந்து என்ற சொல்லின் வழக்கைச் சற்று நோக்கலாம். கிளினிக்கில் தருவது மருந்து. மலையிற் புல்லுக்கு அடிப்பதும் மருந்து. ஒருவரின் மனத்தைத் திரிக்க உணவிற் கலந்து வைப்பதாக நம்பப்படுவதும் மருந்தே. ‘அவன் மருந்து குடித்துவிட்டான்’ என்றால், எதைக் குடித்தான் என்று கேட்க வேண்டியதில்லை. கேட்டவர் ஓடத் தொடங்கிவிடுவார். பேராதனையிற் பயிலும் மாணவ வைத்தியர் ஒருவர், வெள்ளைத்தாளிற் சுற்றிய மாத்திரைகளை நீட்டி ‘இந்த மருந்தை ஒழுங்காகக் குடியுங்கள்’ என்று ஒரு தாயிடம் தமிழிலே சொல்லும்போது, அத்தாயின் காதில் இந்நான்கு பொருளும் ஒருசேர ஒலிக்கின்றன.